லோடு பண்ணின ரிவால்வர் பீரோவுல, வீட்ல 6 வயசுப் பையன்

சார், கான்பூர் தொழிற்சாலையில செஞ்ச .32 ரிவால்வரை லோடு பண்ணி லெதர் உறையோட புடவைக்கு அடியில வெச்சிருக்கேன், பையன் பீரோ சாவிய கண்டுபிடிச்சுட்டான்னு போட்டிருக்கீங்க. படிச்சதுமே பதறிடுச்சு, தயவுசெஞ்சு இன்னைக்கே மாத்துங்க.

பையன் ஸ்கூல் போனதும் எடுங்க, விரல் ட்ரிகர் பக்கமே போகக்கூடாது, குழல் ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும், குழலைப் பிடிச்சிருக்கிற லாட்சை (கொக்கியை) அமுக்கினா குழல் கீழ மடிஞ்சு தோட்டா மேல எழும்பும்ல, எல்லாத்தையும் எடுத்துட்டு தோட்டா போடுற 6 ஓட்டையையும் கண்ணால பார்த்து விரலாலயும் தடவிப் பாருங்க. அப்படியே மடிச்ச நிலையில குழல் வழியா கேபிள் லாக் (கம்பி வடம் உள்ள பூட்டு) போட்டுட்டா மூடவே முடியாது. செவுத்துல போல்ட் அடிச்ச சின்ன ஸ்டீல் பெட்டியில ரிவால்வர், தோட்டா வேற இடத்துல வேற பூட்டுல. நம்பர் லாக்னா பையன் பிறந்தநாள் வேண்டாம், அதத்தான் அவன் முதல்ல அமுக்குவான்.

லெதர் உறைய கழட்டிடுங்க, ஈரத்தை இழுத்து இரும்பைத் துரு பிடிக்க வெச்சிடும். லேசா எண்ணெய் தடவித் துடைச்சு, பெட்டியில ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டா போதும். ஒளிச்சு வெக்கிறது பாதுகாப்பே இல்ல சார், பசங்க தேடிடுவாங்க. ஊருக்குப் போறப்ப லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கோங்க, பேங்க் லாக்கர்ல மட்டும் வெக்காதீங்க, அங்க அனுமதி கிடையாது.