சட்டை போட 1,800 வெள்ளிக்குக் கையுறை தேவையில்லை

கேள்வி: என் கணவருக்கு 57 வயது, லோரி ஓட்டுநர். நான்கு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து இடது கை விழுந்துவிட்டது. கைத்தடி ஊன்றி நடக்கிறார். காலை 6 மணிக்கு அவருக்கு உடுத்திவிட்டுத்தான் வேலைக்கு ஓடுகிறேன். மருத்துவமனை கேண்டீனில் பழக்கமான ஒருவர், 1,800 வெள்ளிக்கு ஒரு கரண்ட் கையுறை வாங்கினால் மூன்று மாதத்தில் தானே சட்டை போடுவார் என்கிறார். வாங்கலாமா? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். கையுறை விரலை அசைக்கும். சட்டை போடக் கற்றுத்தராது. உங்கள் கணவர் சட்டை போட இடது கை தேறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வலது கை ஒன்றே போதும்.

ஒரே விதிதான்: போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். கைப்பிடி வைத்த கனமான நாற்காலியில், இரு பாதமும் தரையில் பதிய உட்காரட்டும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்கிவிடும். சட்டையின் உட்புறம் மேலே தெரிய மடியில் விரித்து, இடது கை நுழையும் வாயை முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிட்டு, குனிந்தால் கை தானே உள்ளே இறங்கும். பிறகு வலது கையால் துணியை முழங்கை தாண்டித் தோள்வரை ஏற்ற வேண்டும். முழங்கையோடு விட்டால் அவ்வளவுதான், மீதி வேலை நடக்காது. காலரைக் கழுத்துக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து வலது கையை நுழைக்கலாம். பட்டனைக் கீழிருந்து போட்டு வந்தால் கோணாது. யாரும் இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோள் மூட்டு நழுவினால் அந்த வலி மாதக்கணக்கில் போகாது.

கைலிக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிடுங்கள். எந்தத் தையற்காரரும் செய்து தருவார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தட்டில் வலப்பக்கச் சோறு மட்டும் தீர்கிறதா? சவரம் செய்தால் இடது கன்னம் அப்படியே இருக்கிறதா? கதவு நிலையில் இடது தோள் இடிபடுகிறதா? அப்படியென்றால் அவர் மூளை இடப்பக்கத்தையே கணக்கில் எடுக்கவில்லை. மூளையின் வலப்புறம் அடிபட்ட சிலருக்கு இப்படி ஆகும். இடது சட்டைக் கையை மாட்டாமலே “போட்டுவிட்டேன்” என்பார். அது பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை, அதட்டாதீர்கள். எத்தனையோ வீடுகளில் இதற்காகவே சண்டை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய இடப்பக்கம் உட்காருங்கள். தொடங்குமுன் வலது கையால் இடது கையைத் தொடச் சொல்லுங்கள். இடது சட்டைக் கையின் ஓரத்தில் சிவப்பு நூல் தைத்து, “சிவப்பு எங்கே?” என்று கேளுங்கள். தினமும் அதே வரிசையில் செய்யட்டும்.

காலை அவசரத்தில் பழக்க வேண்டாம். இரவில் கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள், அது சுலபம். முதலில் அரை மணி நேரம் பிடித்தாலும் கை நீட்டாமல் பக்கத்தில் இருங்கள்.

கேண்டீன் ஆசாமிக்கு வருகிறேன். தன்னைத் தெரப்பிஸ்ட் (மறுவாழ்வுப் பயிற்சி தருபவர்) என்று சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி அவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். இதே கூட்டம் ஓ.கே.யு எனும் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துத் தருகிறேன் என்றும் காசு கேட்கும். சமூக நல இலாகாவில் அந்தப் பதிவு இலவசம்.

இவர்கள் பிழைப்பது எதனால்? மருத்துவமனையில் தெரப்பிஸ்டுகளான நாங்கள் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வரச்சொல்லித் தவணை கொடுத்து, வந்தவரை அரை மணி நேரம் கைப்பயிற்சி என்று கூம்பு அடுக்கவைத்து அனுப்புகிறோம். வீட்டில் சட்டை யார் போட்டுவிடுகிறார்கள் என்று கேட்பதில்லை. இதைப் பல கூட்டங்களில் நானே சொல்லி அலுத்துவிட்டேன்.

அடுத்த மருத்துவமனைத் தவணைக்கு அவருடைய சட்டையையும் கைலியையும் பையில் எடுத்துப் போங்கள். “இதை இவர் போடுவதை இங்கேயே சொல்லிக்கொடுங்கள்” என்று ஓ.டி.யிடம் (அன்றாட வேலைகளைப் பழக்கும் தெரப்பிஸ்ட்) கேளுங்கள். கற்றுத்தராமல் எழுந்திருக்காதீர்கள்.