பிபிஎம் சரி, ‘ஒன்னு’ எங்க?

கேள்வி: அண்ணே, காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல என் ஃப்ரெண்டு டிஜே, நான் பின்னாடி எல்இடி வால்ல ரெசொலூம் சாஃப்ட்வேர் வச்சு விஷுவல்ஸ் ஓட்டுறேன். அவன் 128 பிபிஎம்ல போனா நானும் 128தான் போடுறேன், ஆனாலும் டிராப், அதான் பீட் வெடிச்சு இறங்குற இடம், வரும்போது என் விஷுவல் முந்துது இல்ல பிந்துது. எங்க தப்பு பண்றேன்? - வாசகர், கோவை

பதில்: தம்பி, பிபிஎம்னா நிமிஷத்துக்கு எத்தன பீட்டுங்கறது, அது வேகத்த மட்டும்தான் சொல்லும், நாலு பீட் சேந்த ஒரு பார்ல முதல் அடி, அதான் ‘ஒன்னு’, எங்க விழுதுன்னு சொல்லாது. ஒரே வேகத்துல நடக்குற ரெண்டு பேர்ல ஒருத்தர் வலது கால் வைக்கும்போது இன்னொருத்தர் இடது கால் வச்சா எப்படி இருக்கும், அதான் உன் மேடையில நடக்குது. ரெசொலூம்ல தட்டித் தட்டி வேகம் சொல்ற டேப் பட்டன் பக்கத்துலயே, எண்ணிக்கைய திரும்ப ஒன்னுல இருந்து ஆரம்பிக்கிற ரீசிங்க்னு ஒரு பட்டன் இருக்குல்ல, அத பாரோட முதல் அடியில, கிக் டிரம் விழுற அதே நொடியில தட்டு, பாதி பிரச்சனை அங்கயே போயிரும்.

மீதி பாதி எண்ணிக்கை. டான்ஸ் மாஸ்டருங்க எண்ணுவாங்கள்ல, ஒன்னு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலுன்னு, அப்படியே எண்ணிப் பழகு. ஹவுஸ் மாதிரி டான்ஸ் டிராக்ல, டிராப்புக்கு முன்னாடி ஏறிட்டே போற பில்டப் பெரும்பாலும் 8 பார் இல்ல 16 பார்தான், 128ல 16 பார்னா 64 பீட், கரெக்டா 30 செகண்ட், அதுக்குள்ள அடுத்த கிளிப்ப ரெடி பண்ணி விரல அதுமேல வச்சிரலாம்.

ஃப்ரெண்டு லேப்டாப்ல வாசிச்சா அவன் சாஃப்ட்வேர்லயும் உன்னுதுலயும் ரெண்டோட பீட்டையும் ஒன்னா ஓட வைக்கிற ஏபிள்டன் லிங்க்க ஆன் பண்ணுங்க, ரெண்டும் ஒரே நெட்வொர்க்ல இருந்தா போதும், ஆனா ஆடிட்டோரியம் வைஃபைய நம்பாம லேன் கேபிள் போட்டுக்கோ.

நம்மூர் குத்துப் பாட்டு வந்தா மட்டும் உஷாரா இரு. நிறைய குத்து 6/8ல, அதாவது ஆறு ஆறா எண்ணுற தாளத்துல போகும், சாஃப்ட்வேரோ நாலு நாலாவே எண்ணும், அதனால ஒவ்வொரு அடிக்கும் தட்டாம ஆடுறவங்க கால் எங்க தரையில விழுதோ அங்க மட்டும் டேப் பண்ணு. 80கள்ல ஆர்க்கெஸ்ட்ரா லைவ்வா வாசிச்ச பாட்டுன்னா வேகம் கூடிக் கொறையும், அங்க ஆட்டோ சிங்க்க நம்பவே நம்பாத, ரீசிங்க்ல கை இருந்துட்டே இருக்கணும். எனக்கு இந்தப் பாட்டுங்கதான் ரொம்பப் பிடிக்கும், கை போட்டு ஓட்டுறப்போ வர்ற உயிர் தானா ஓடுறதுல வராது.

இன்னொன்னு, எல்இடி வாலோட ப்ராசஸர் கொஞ்சம் ஃப்ரேம் தின்னும், படம் அவ்ளோ லேட்டா வரும். சவுண்ட்செக்ல பீட்டுக்கு ஒரு வெள்ளை ஃப்ளாஷ் விட்டு ஃபோன்ல ஸ்லோமோஷன் எடுத்துப் பாரு, எவ்ளோ பிந்துதோ அவ்ளோ முன்னாடியே ரீசிங்க் தட்டணும்.

அந்த ஃப்ளாஷ ஷோலயும் அரை பீட்டுக்கு ஒன்னா விட்டுராத தம்பி. 128ல பீட்டுக்கு ஒன்னுன்னா செகண்டுக்கு ரெண்டு சொச்சம், அரை பீட்டுன்னா நாலத் தாண்டிரும், வெப்சைட்டுங்களுக்கே செகண்டுக்கு மூணுதான் வரம்பு. கூட்டத்துல வலிப்பு இருக்குற புள்ள ஒன்னு நின்னாலும் நமக்குத் தெரியாது.