பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி: பணம் யார் கையில் இருக்கிறது? (கேள்வி பதில்)

பிரான்சின் கடராஷில் எழும்பிக்கொண்டிருக்கும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலை, ஜெனீவாவில் இருக்கும் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம், இந்த இரண்டையும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): சார், ஈட்டரில் ஏழு தரப்பு இருக்கிறதே, எல்லாரும் பணத்தை ஒரே கணக்கில் போட்டு அதிலிருந்து செலவு செய்வார்களா?

பதில்: இல்லை தம்பி. 2006 நவம்பரில் பாரிசில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, கட்டுமானச் செலவில் ஏறத்தாழ 45 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு. இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம். இதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு பணமாக வருவதே இல்லை, செய்த பொருளாக வந்து இறங்குகிறது.

நம் பங்கில் பெரியது கிரையோஸ்டாட். உலை முழுவதையும் சுற்றி நிற்கும் எஃகுக் கூடு அது. எடை 3,850 டன், உயரமும் அகலமும் 30 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதை முழுசாகக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதால், குஜராத்தின் ஹசீராவில் எல் அண்ட் டி ஆலை 54 துண்டுகளாகச் செய்து அனுப்பியது. பெரிய பாகங்கள் பிரான்சில் துறைமுகத்திலிருந்து 104 கிலோமீட்டர் தூரம் இரவு நேரத்தில், அதற்கென்றே அகலப்படுத்திய சாலையில் ஊர்ந்து போகும். அங்கே ஒரு தனிக் கொட்டகையில் வைத்து எல்லாவற்றையும் பற்றவைத்தார்கள். 1,250 டன் எடையுள்ள அடிப்பகுதியை 2020 மே மாதம் உலை நிற்கப்போகும் குழிக்குள் இறக்கினார்கள். கிரையோஸ்டாட்டைச் செய்ய ஆன ரூபாய் பெரும்பாலும் இந்தியாவில்தான் செலவானது. நாடுகள் இப்படிப்பட்ட ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவதே அதற்காகத்தான்: வரிப்பணம் உள்ளூர் ஆலைக்குப் போகும், வேலை தெரிந்த ஆட்களும் இங்கேயே உருவாவார்கள்.

கேள்வி (உதிரிபாகப் பட்டறை நடத்துபவர், கோவை): பொருளாகக் கொடுத்தால் அதன் விலையை யார் முடிவு செய்வது? எங்கள் தொழிலில் இரும்பு விலை மாதத்துக்கு மாதம் மாறும்.

பதில்: இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன் ஐயா. ஈட்டருக்கென்று தனிக் கணக்கு அலகு ஒன்று உண்டு. ஓர் அலகு என்றால் 1989ஆம் ஆண்டு மதிப்பில் 1,000 அமெரிக்க டாலர். ஒவ்வொரு பாகத்துக்கும் இத்தனை அலகு என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார்கள். பாகத்தைச் செய்து கொடுத்தால் அத்தனை அலகு அந்த நாட்டின் கணக்கில் வரவு. உண்மையில் எவ்வளவு செலவானது என்பதை யாரும் கேட்பதில்லை. எஃகு விலை ஏறினால் அந்த நாட்டுக்கு நஷ்டம், சிக்கனமாகச் செய்தால் லாபம். ஈட்டரின் மொத்தச் செலவு எவ்வளவு என்று ஆளாளுக்கு ஒரு தொகை சொல்வதற்குக் காரணமும் இதுதான். ஏழு தரப்பும் தங்கள் நாணயத்தில் செய்த செலவை ஒரே பேரேட்டில் எழுதுவதே கிடையாது.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர், சென்னை): ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு தாமதம்?

பதில்: ஓர் உதாரணம் சொல்கிறேன். உலையின் நடுவில் இருக்கும், அணுக்கரு இணைவு நடக்கப்போகும் வெற்றிடக் கலம் ஒன்பது துண்டு, ஒவ்வொன்றும் சுமார் 440 டன். முதலில் கொரியாவுக்கு இரண்டு, ஐரோப்பாவுக்கு ஏழு என்று பிரித்தார்கள். பிறகு கொரியாவுக்கு நான்கு, ஐரோப்பாவுக்கு ஐந்து என்று மாற்றினார்கள். துண்டுகள் வந்து சேர்ந்த பிறகு பார்த்தால், ஒன்றோடொன்று பற்றவைக்க வேண்டிய விளிம்புகளின் அளவு வரைபடத்திலிருந்து விலகியிருந்தது. தானியங்கி வெல்டிங் கருவிக்கு அந்த விலகல் ஒத்துவராது. வெப்பக் கவசத்தின் குளிரூட்டும் குழாய்களிலும் அரிப்பினால் விரிசல் கண்டது. சுமார் 23 கிலோமீட்டர் குழாயை மாற்ற வேண்டியதாயிற்று. 2022இல் உள்ளே இறக்கிய துண்டை அடுத்த வருடமே வெளியே தூக்கினார்கள். 2025இல் முதல் பிளாஸ்மா (இணைவு நடக்க வேண்டிய கடும் சூடான மின்னேற்ற வாயு) என்றிருந்த திட்டம், 2024இல் வெளியான புதிய அட்டவணைப்படி 2034இல் ஆராய்ச்சி தொடக்கம் என்று தள்ளிப்போனது. கூடுதலாக 500 கோடி யூரோ.

குறை எங்கே என்று கேட்டால், பாகத்தைச் செய்தவர்களை மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு நாட்டின் பாகத்தில் செய்யும் மாற்றம் இன்னொரு நாட்டின் பாகத்தில் செலவாக வந்து நிற்கும். அந்தச் செலவை யார் ஏற்பது? முதல் பல வருடங்கள் இதற்குத் தெளிவான பதில் இல்லை. ஒவ்வொரு மாற்றமும் பேச்சுவார்த்தையாக இழுத்தது. 2015இல் பெர்னார் பிகோ தலைமை இயக்குநராக வந்தபோதுதான், ஈட்டரின் மைய நிர்வாகத்துக்குக் கூடுதல் அதிகாரமும், வடிவமைப்பு மாற்றங்களுக்கு ஈடுகட்ட ஒரு கையிருப்பு நிதியும் கிடைத்தன. அந்த நிதி முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொருளாகக் கொடுக்கும் முறையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரமும் அதற்கான பணமும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால் அந்த முறை எல்லாரையும் வாட்டி எடுத்துவிடும்.

கேள்வி (மாணவி, யாழ்ப்பாணம்): உக்ரைன் போருக்குப் பிறகு செர்ன் ரஷ்யாவை வெளியேற்றியது. ஈட்டர் ஏன் அப்படிச் செய்யவில்லை?

பதில்: அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும் தங்கச்சி, காகிதத்தைப் பாருங்கள். செர்னில் ரஷ்யா உறுப்பு நாடே இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒத்துழைப்பு ஒப்பந்தம்தான் இருந்தது. அதைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், 2024 நவம்பர் 30ஆம் தேதியோடு முடிந்தது. ஈட்டரில் ரஷ்யா ஒப்பந்தத்தின் தரப்புகளில் ஒன்று, அதன் பாகம் வராவிட்டால் உலையைக் கட்டி முடிக்கவே முடியாது. போர் தொடங்கிய அதே ஆண்டு நவம்பரில் ரஷ்யா செய்த பெரிய காந்தச் சுருள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பிரான்சுக்குக் கப்பலேறியது.

தானாக விலகுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஒப்பந்தம் அமலுக்கு வந்து பத்து வருடம் கழித்துத்தான் விலகலாம், விலகினாலும் கட்டுமானப் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனாலும் நாடாளுமன்றங்கள் பணத்தை நிறுத்திப் பார்த்ததுண்டு. 2008 நிதியாண்டுக்கு அமெரிக்க அரசு ஈட்டருக்காகக் கேட்டது 16 கோடி டாலர், நாடாளுமன்றம் கொடுத்தது ஏறத்தாழ ஒரு கோடி.

கேள்வி (பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி): செர்னுக்கு நாம் வருடா வருடம் பணம் கட்டுகிறோமே, அதனால் நமக்கு என்ன?

பதில்: 2017 ஜனவரியிலிருந்து இந்தியா அங்கே இணை உறுப்பினர். முழு உறுப்பினராக இருந்தால் கட்ட வேண்டியதில் ஒரு சிறு பங்கைத்தான் கட்டுகிறோம். அதற்கு இந்தியர்கள் குறித்த காலப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம், இந்திய நிறுவனங்கள் செர்ன் டெண்டர்களில் கலந்துகொள்ளலாம். (கோவை ஐயா இதையும் கவனிக்கவும்.)

கேள்வி (இயற்பியல் பேராசிரியர், மதுரை மாவட்டம்): எங்களுடையது சிறிய கல்லூரி. செர்ன் சோதனை ஒன்றில் சேர வழி உண்டா? கட்டுரையில் ஆயிரக்கணக்கான பெயர்கள் வருகின்றனவே, இன்னும் ஒரு பெயர் சேர்க்க என்ன செலவு?

பதில்: 2015இல் செர்னின் பெரிய சோதனைகளான அட்லஸ், சிஎம்எஸ் இரண்டும் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி எழுதிய கட்டுரையில் 5,154 பெயர்கள். அந்தப் பெயர்கள் சும்மா வரவில்லை. சோதனைக் கருவியின் பொதுப் பராமரிப்புச் செலவை, கட்டுரையில் பெயர் வரும் முனைவர் பட்டதாரிகளை எண்ணித்தான் பிரிக்கிறார்கள். உங்கள் ஆசிரியர் ஒருவர் பெயர் ஏறினால் வருடந்தோறும் ஒரு பில் வரும். முனைவர் பட்டம் வாங்காத ஆராய்ச்சி மாணவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அதனால் தனியாக முயற்சி செய்யாதீர்கள். சென்னை ஐஐடி ஏற்கெனவே சிஎம்எஸ் உறுப்பினர். அவர்களிடம் பேசி, அவர்கள் செய்யும் வேலையில் ஒரு சிறு பகுதியை, ஒரு உணரியைச் சோதிப்பதோ தரவுப் பகுப்பாய்வோ, உங்கள் மாணவர் ஒருவர் செய்ய இடம் கேளுங்கள். விண்ணப்பத்தில் பயணச் செலவை மட்டும் எழுதி நிறுத்திவிட வேண்டாம். பராமரிப்புப் பங்கு, கருவி பழுதானால் ஆகும் செலவு, யூரோவும் சுவிஸ் பிராங்கும் ஏறினால் விழும் துண்டு, மூன்றுக்கும் தனித்தனித் தலைப்பில் தொகை கேளுங்கள். வரைவு தயாரானதும் இங்கேயே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.