மௌனப்பட காலத் துரத்தல் நகைச்சுவைகளில் எதை முதலில் பார்க்கலாம்?

நகரத் தெருக்களில் எடுத்த பழைய துரத்தல் படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் நடித்து 1922இல் வந்த ‘காப்ஸ்’. 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

யார் வீட்டுச் சாமானோ ஏற்றிய குதிரை வண்டியோடு ஒரு அப்பாவி போலீஸ் அணிவகுப்புக்குள் நுழைந்துவிடுகிறான். மேலிருந்து ஒருவன் வீசிய வெடிகுண்டு இவன் பக்கத்தில் வந்து விழுகிறது. இவன் அதன் திரியில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு குண்டைத் தூக்கிப் போடுகிறான். அவ்வளவுதான், ஊர் போலீஸ் மொத்தமும் பின்னால் ஓடி வருகிறது.

ஒரு இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடந்து போகிற காரை ஒற்றைக் கையால் பிடிப்பார் கீட்டன். அடுத்த நொடி உடம்பு கிடைமட்டமாகக் காற்றில் பறக்க, கார் அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. இது ஹாலிவுட்டில் காஹுவெங்கா தெருவை ஒட்டிய ஒரு சந்துப் பக்கம் எடுத்தது. சாப்ளின் ‘தி கிட்’ படத்துக்கும், இன்னொரு நகைச்சுவை நடிகரான ஹெரால்ட் லாயிட் ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்துக்கும் அதே சந்தில் காட்சி எடுத்திருக்கிறார்கள். பழைய படங்களின் காட்சிகளை வைத்து இடங்களைத் தேடுகிற ஜான் பெங்ட்சன் கண்டுபிடித்துச் சொன்னது இது.

இந்த வகையை அமெரிக்கர்கள் தொடங்கவில்லை. 1907இலேயே பிரான்சின் பாதே நிறுவனம், இறைச்சி திருடிய நாயைப் போலீஸ்காரர்கள் துரத்துகிற படம் எடுத்துவிட்டது. அதில் போலீஸ் கூட்டம் சுவரில் ஏறும். உண்மையில் தரையில் விரித்த சுவர்ப் படத்தின் மேல் தவழ்கிறார்கள், கேமரா உச்சியிலிருந்து பார்க்கிறது! அமெரிக்காவில் 1912இல் தொடங்கிய மேக் சென்னட்டின் கீஸ்டோன் சினிமா கம்பெனி இந்தப் பிரெஞ்சுப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். கையால் சுற்றுகிற கேமராவைக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் திரையில் எல்லோரும் பறப்பார்கள். கீஸ்டோன் படங்களில் வரும் கோமாளிப் போலீஸ்காரர்களின் அவசரம் பாதி இந்த வித்தை. (வரிசையாக நாலு படம் பார்த்தால் எனக்கு அலுத்துவிடுகிறது.)

கீட்டன் பிடித்துப்போனால் அப்புறம் லாயிடின் ‘ஸ்பீடி’ (1928). காதலியின் தாத்தாவுடைய குதிரை டிராமை நியூயார்க் தெருக்களில் விரட்டிக்கொண்டு போவார். ஓரிடத்தில் டிராம் மேம்பால ரயில் தூண் ஒன்றில் போய் மோதும். அது திட்டமிட்ட காட்சி இல்லை, படப்பிடிப்பில் நிஜமாகவே நடந்த விபத்து. அதை வெட்டி எறியாமல் கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். உடைந்த சக்கரத்துக்குப் பதில் தெருச் சாக்கடை மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு துரத்தல் தொடரும்.