பண்பாடும் நாகரிகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாகரிகம் வெறும் வெளிப்பூச்சு, பண்பாடுதான் அறம் என்று என் பேராசிரியர் சொல்வார். படிப்பும் வசதியும் கூடக்கூட மனிதர்கள் மோசமாவதைப் பார்த்தால் அது உண்மை என்றே படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

பாதி சரி. கலையும் அறிவியலும் நம்மைப் பண்படுத்திவிட்டன, சபை மரியாதைகளில் அளவுக்கு மீறியே தேறிவிட்டோம், ஆனால் அறம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது என்று ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1784-லேயே எழுதினார். பண்பட்டுவிட்டதாலேயே அறம் வந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. இதை உங்கள் பேராசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.

1942 ஜனவரி 20 அன்று பெர்லினில், வான்ஸே ஏரிக்கரை மாளிகை ஒன்றில் நாஜி அரசின் உயர் அதிகாரிகள் 15 பேர் கூடி, ஐரோப்பிய யூதர்களை ஒழிக்கும் வேலையைத் துறைவாரியாகப் பேசி முடித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். கூட்டக் குறிப்பில் ‘வெளியேற்றம்’ என்று நாசூக்காக எழுதிக்கொண்டார்கள்.

மறுபக்கம் அல்பேனியா. 1943-ல் ஜெர்மன் படை உள்ளே வந்தபோது, பெரும்பாலும் முஸ்லிம்களான அந்நாட்டு மக்கள் யூதர்களைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்தார்கள். உள்ளூர் உடையும் முஸ்லிம் பெயரும் கொடுத்து, கேட்டவர்களிடம் சொந்தக்காரர் என்றார்கள். ‘பெஸா’ என்ற வாக்குதான் காரணம். அடைக்கலம் என்று வந்தவரைக் காட்டிக்கொடுத்தால் குடும்ப மானமே போய்விடும். போருக்கு முன்பு இருந்ததைவிட, போர் முடிந்தபோது அங்கே யூதர்கள் அதிகம்.

இதோடு நிறுத்தினால் உங்கள் பேராசிரியர் ஜெயித்துவிடுவார். ஆனால் வட அல்பேனிய மலைநாட்டில் பெஸாவைக் காத்துவந்த ‘கானூன்’ என்ற வழக்குச் சட்டம்தான் பழிக்குப்பழிக் கொலையையும் கடமையாக்கியது. கொன்றவன் கிடைக்காவிட்டால் அவன் தம்பியோ மகனோ. வீட்டுக்குள் இருப்பவனைத் தொடக்கூடாது என்பதும் அதே மரபுதான். 1991-க்குப் பிறகு கம்யூனிச அரசு சரிந்து போலீஸும் கோர்ட்டும் தளர்ந்தபோது அந்தப் பகை திரும்பி வந்தது. தாத்தாவோ மாமாவோ செய்த கொலைக்காகச் சிறுவர்கள் பள்ளிக்கூடம் போகாமல் வருடக்கணக்கில் வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள். வாசற்படி தாண்டினால் சுடலாம்.

அந்தப் பையனுக்கு வேண்டியது பெஸா இல்லை. அவனுடைய தாத்தாவை யாரென்றே அறியாத ஒரு நீதிபதியும், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு போலீஸ்காரரும்தான். வெளிப்பூச்சு என்கிறீர்களே, அதுதான். வான்ஸேயில் கூடியவர்களும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்தான் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேளுங்கள், அதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை.