டிசிஎஸ் விமான சிமுலேட்டர் விளையாட்டின் எஃப்10 மேப்பில் நம் விமானமே தெரியாதபோது வழி கண்டுபிடிப்பது எப்படி?

சர்வரில் ‘மேப் ஒன்லி’ என்று வைத்திருந்தால், எஃப்10 விசையை அழுத்தினால் வரும் மேப்பில் ஊரும் ஆறும் இருக்கும், உங்கள் விமானக் குறி இருக்காது. பழைய விமானம் என்றால் திசை, வேகம், கடிகாரம் இந்த மூன்றை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கிளம்பும் முன்பே கணக்கைப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இலவசமாகக் கிடைக்கும் டிஎஃப்-51டி முஸ்டாங் விமானத்தையும் காகசஸ் மேப்பையும் வைத்தே சொல்கிறேன். ஜார்ஜியாவின் கருங்கடல் கரையிலுள்ள பத்தூமி விமானத்தளத்திலிருந்து கோபுலேத்தி விமானத்தளத்துக்குக் கோடு போட்டு அளந்தால் சுமார் 031 டிகிரி, 22.5 கடல் மைல் வரும். இதை அப்படியே நம்பிக் கிளம்பினால் இரண்டு இடத்தில் அடி வாங்குவீர்கள்.

ஒன்று, 031 என்பது உண்மை வடக்கை வைத்த கணக்கு. காகசஸில் காந்த வடக்கு சுமார் 6 டிகிரி கிழக்கே விலகியிருக்கிறது. கிழக்கு விலகல் என்றால் கழிக்க வேண்டும். காம்பஸில் பிடிக்க வேண்டியது 025. ஒரு டிகிரி பிசகினால் 60 மைலில் ஒரு மைல் தள்ளிப்போவோம். 6 டிகிரி என்றால் 6 மைல். ‘நான் எங்கே இருக்கேன்?’ என்று சாட்டில் கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த 6 டிகிரியில் தொலைந்தவர்கள் என்பது என் எண்ணம்.

இரண்டு, மேப்பில் அளந்தது கடல் மைல். முஸ்டாங்கின் வேகமானி காட்டுவதோ சாதாரண மைல். 22.5-ஐ 1.15-ஆல் பெருக்கினால் 26 மைல். போதாக்குறைக்கு, உயரம் கூடக்கூட வேகமானி குறைத்துக் காட்டும், 1,000 அடிக்குச் சுமார் 2 சதவீதம். 3,000 அடியில் முள் 225-இல் நின்றால் உண்மை வேகம் ஏறக்குறைய 240, அதாவது நிமிடத்துக்கு 4 மைல். ஆறரை நிமிடப் பயணம். கடல் மைலை மாற்ற மறந்தவர் சுமார் 50 விநாடி முன்னதாகவே, மூன்றரை மைல் இப்பாலேயே ரன்வேயைத் தேடிக்கொண்டிருப்பார். கடிகாரத்தை டேக்-ஆஃபில் தொடங்காதீர்கள். உயரமும் வேகமும் பிடித்து, பத்தூமி ரன்வேக்கு மேலே வந்து 025-இல் திரும்பிய பிறகு தொடங்குங்கள்.

பக்கக் காற்று விநாடிக்கு 5 மீட்டர் அடித்தால், காற்று வரும் பக்கமாக 3 டிகிரி திரும்பிப் பறந்தால் சரியாகிவிடும்.

சண்டை முடிந்ததும் ஜைரோவை (சுழலியால் திசை காட்டும் கருவி) நம்பாதீர்கள். கடுமையாகப் புரண்டால் அது குலைந்துவிடும். 15, 20 விநாடி நேராக, மட்டமாகப் பறந்து, காம்பஸ் முள் அடங்கியதும் ஜைரோ குமிழை உள்ளே தள்ளி, அதே எண்ணுக்குத் திருப்பி, மறுபடி வெளியே இழுங்கள். இழுக்க மறந்தால் நீங்கள் எவ்வளவு திரும்பினாலும் எண் அப்படியே நிற்கும்.

மேப் படிப்பதில் வரிசை முக்கியம்: முதலில் கடிகாரம், பிறகு மேப், கடைசியில் தரை. ‘4 நிமிடம் ஆயிற்று, இடப்பக்கம் இது வர வேண்டும்’ என்று முடிவு செய்துவிட்டு வெளியே பாருங்கள். தரையில் ஒரு ஆற்று வளைவைப் பார்த்துவிட்டு மேப்பில் தேடினால் பத்து வளைவு பொருந்தும். குறைந்தது மூன்று அடையாளம் ஒத்துப்போகட்டும். போத்தி என்ற கடலோர ஊர் என்றால் ரியோனி ஆற்றுமுகம், துறைமுகம், தெற்கே ஒட்டினாற்போல் பலியஸ்தோமி ஏரி. எஃப்10 மேப்பில் எப்போதும் வடக்குதான் மேலே. தெற்கே போகும்போது இடம் வலம் மாறிக் குழப்பும். அச்செடுத்த மேப் இருந்தால் போகும் திசைக்குத் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது நேராகப் பத்தூமியைக் குறிவைக்காதீர்கள். உள்நாட்டில் இருக்கும் குத்தாயிசி விமானத்தளத்திலிருந்து பத்தூமிக்கு உண்மைத் திசை சுமார் 229. வேண்டுமென்றே 10 டிகிரி வடக்கே தள்ளி 239, காம்பஸில் 233 பிடியுங்கள். கோபுலேத்தி ஊர்ப் பக்கம் கடற்கரை வரும். இடப்பக்கம் திரும்பி, கடலை வலக்கையில் வைத்துக்கொண்டு போனால் பத்தூமி. நேராகக் குறிவைத்துப் பிசகினால், கரைக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. தெற்கே தவறினாலோ துருக்கி எல்லை மலைகள்.

சமவெளியில் முழுக்கத் தொலைந்துவிட்டால் வட்டமடிக்காமல் உயரம் ஏறி மேற்கே போங்கள். கருங்கடல் எப்படியும் வரும்.