சில்லறை வில்லன்களுக்கு என்ன விலை? காமிக்ஸ் வாங்குவோரின் கேள்விகள்

சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் கதையில் ஓரமாக வந்துபோகும் ஆட்களைப் பற்றியவை. எனக்கும் பிடித்தவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழை, வுல்வரின் முதன்முதலில் வந்த ஒரிஜினல் என்று சொல்லி 6,000 ரூபாய்க்குக் கொடுத்தார். உள்ளே பழைய காலத்து விளம்பரங்கள்கூட இருக்கின்றன. ஆனால் தாள் பளபளவென்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா அண்ணா?

பதில்: ஆமாம் தம்பி, ஏமாந்துவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்த விலையே முதல் சாட்சி. 1974 நவம்பர் தேதியிட்ட அந்த இதழ் கிழிந்து கந்தலாக இருந்தாலும் 6,000 ரூபாய்க்குக் கைமாறாது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஃபாக்சிமிலி பதிப்பு. பழைய இதழைக் கதை, வாசகர் கடிதம், விளம்பரம் எல்லாவற்றோடும் அப்படியே திரும்ப அச்சடித்து மார்வெல் நிறுவனமே விற்கிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை. படிக்க அருமையான பொருள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். அட்டையில் பார்கோடு இருக்கிறதா? மார்வெல் அட்டைகளில் பார்கோடு வந்ததே 1976-இல்தான். 1974 இதழில் அது இருந்தால் பேச்சே வேண்டாம், மறுபதிப்பு. அடுத்து, உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படியுங்கள். மறுபதிப்பு என்றால் அங்கே சொல்லியிருப்பார்கள். அப்புறம் தாள். அந்தக் காலத்து இதழ்கள் செய்தித்தாள் போன்ற மட்டத் தாளில் வந்தவை. ஐம்பது வருடத்தில் ஓரங்கள் பழுப்பேறாமல் இருக்காது.

நிஜமான 181 கையில் கிடைத்தாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. 1974-இல் மார்வெல் தன் இதழ்களில் 'வேல்யூ ஸ்டாம்ப்' என்று தபால்தலை மாதிரி ஒரு சின்னப் படத்தை அச்சடித்தது. வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டச் சொன்னது. பிள்ளைகளும் கத்தரிக்கோலை எடுத்து வெட்டித் தள்ளினார்கள். 181-இல் அந்தப் படம் ஷன்னா என்ற நாயகியுடையது. வாசகர் கடிதப் பக்கத்தைத் திருப்பி, அது இருக்கிறதா, இல்லை அந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் விலை பாதிக்குமேல் இறங்கிவிடும். அட்டை எவ்வளவு மினுமினுத்தாலும் சரி.

பணம் திரும்ப வருமா? உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் போன சில மணி நேரத்தில் சொன்னால் பலன் அதிகம். குழுவில் அவர் எழுதிய 'ஒரிஜினல்' என்ற வார்த்தையையும் யுபிஐ ரசீதையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் இதைத் தொழிலாகவே செய்கிறவர் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இனிமேல் முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதாக இருந்தால் பெரிய விற்பனைத் தளம் வழியாகவே வாங்குங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, அங்கே புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

கேள்வி: ராக்கெட் ரக்கூன் என்றால் எனக்கு உயிர். 'ஹல்க்' 271 தான் அவருடைய முதல் தோற்றம் என்கிறார் ஒருவர். 'மார்வெல் பிரிவியூ' 7 என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் விற்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: தேதிப்படி பிரிவியூ ஏழுதான் முதல். 1976-இல் வந்தது. பில் மாண்ட்லோ எழுத, கீத் கிஃபன் வரைந்த கதையில் 'ராக்கி' என்ற பெயரில் தலைகாட்டினார். ஆனால் அது கறுப்பு வெள்ளைப் பத்திரிகை. அளவிலும் பெரியது. சாதாரண காமிக்ஸ் அடுக்கோடு சேராது என்பதால் சேகரிப்பாளர்கள் அதை ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. 1982 மே மாத 'ஹல்க்' 271-இல்தான் அவர் வண்ணத்தில், வழக்கமான காமிக்ஸில், முழுப் பெயரோடு வந்தார். ஆகவே 271-ஐ 'காமிக்ஸ் இதழில் முதல் தோற்றம்' என்று விற்றால் நியாயம். 'முதல் தோற்றம்' என்று மட்டும் சொன்னால் பாதி உண்மை. சின்னப் பாத்திரங்களுக்கு இந்தக் குழப்பம் ரொம்பவே உண்டு. ஓரமாக ஒரு கட்டத்தில் வந்தது, பெயரோடு வந்தது, அட்டையில் வந்தது என்று ஒரே ஆளுக்கு மூன்று 'முதல்' சொல்வார்கள். எந்த முதல் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு எது? பணத்தைப் பார்க்காமல் சொல்வதென்றால் 271. அந்த ரக்கூன் முகக் குட்டி ஆள் துப்பாக்கியோடு வண்ணத்தில் நிற்பதைப் பார்க்கத்தானே வாங்குகிறீர்கள். பார்கோடு போட்டுப் பெட்டிக்கடைகளில் விற்ற பிரதி அபூர்வம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். 1982-இல் அந்தப் பிரதிகளும் ஏராளமாக வந்தன.

கேள்வி: அடுத்த படத்தில் ஏதோ ஒரு சின்ன வில்லன் வரப்போகிறான் என்று செய்தி. அவனுடைய முதல் இதழை இப்போதே வாங்கிப்போட்டால் லாபம் வருமா? 40,000 ரூபாய் வைத்திருக்கிறேன்.

பதில்: வேண்டாம். அவசரத்துக்கு வைத்திருக்கும் பணம் என்றால் கண்டிப்பாக வேண்டாம். செய்தி உங்கள் காதுக்கு வரும்போது விலை ஏற்கெனவே ஏறியிருக்கும். படம் வெளியாகிற வாரத்தில் கையில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள், விலை சரியும். உடம்பெல்லாம் வண்ணப் பொட்டுகளோடு திரிகிற போல்கா-டாட் மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 பிப்ரவரியில், 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 300-ஆம் இதழில் பேட்மேனுக்கு எதிராக வந்தார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அவரை யாரும் சீந்தவில்லை. 2021-இல் ஒரு படத்தில் வந்ததும் எல்லாரும் அந்த 300-ஐத் தேடினார்கள். முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள் லாபம் பார்க்கக் கணக்குப் போட்டவர்கள் இல்லை, அந்தப் பொட்டுக்காரரைப் பிடித்துப்போய் வாங்கியவர்கள். படம் வரும் வருடத்தில் வாங்காதீர்கள். பிடித்திருந்தால் இரண்டு வருடம் கழித்து வாங்குங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து கிரேடு போட்ட இதழ் வாங்குவதா, சும்மா இருக்கும் இதழா? விலை வித்தியாசம் அதிகமாக இருக்கிறதே.

பதில்: பெரிய தொகை என்றால் பெட்டியே நல்லது. அமெரிக்காவின் சிஜிசி நிறுவனம் இதழின் நிலையைப் பார்த்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறது, அதுதான் கிரேடு. மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் லேபிளின் நிறத்தையும் பாருங்கள். நீலம் என்றால் சாதாரணம். ஊதா என்றால் வண்ணம் பூசியோ கிழிசல் ஒட்டியோ சீர்செய்தது. 8 மதிப்பெண் வாங்கிய ஊதா, 8 வாங்கிய நீலத்தைவிட விலையில் எவ்வளவோ கீழே. லேபிளில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு ஒத்துப்பாருங்கள்.

சும்மா இருக்கும் இதழ் என்றால் பக்கத்தை எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 'டேர்டெவில்' 8-ஆம் இதழ், 1965 ஜூன். நம் ஊர்ப் பொய்க்கால் மாதிரி, ஆனால் நீண்டுகொண்டே போகும் இயந்திரக் கால்களை மாட்டிக்கொண்டு திருட வரும் ஸ்டில்ட்-மேன் முதன்முதலில் வந்தது. வாலி வுட் வரைந்தது. அந்த நெட்டைக் கால்கள் கட்டத்தைத் தாண்டி மேலே போவதைப் பார்க்கவே எனக்கு ஆசை. ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். அட்டை அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து படிக்கிறேன், நடுவில் கதை தாவுகிறது. பின் அடித்த இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நடுத்தாள் இல்லை. நாலு பக்கம் போயே போய்விட்டது. அந்தக் காலத்து இதழில் வழக்கமாக அட்டை தவிர்த்து 32 பக்கம், அதாவது எட்டுத் தாள் மடித்துப் பின் அடித்திருக்கும். நடுவே திறந்து, இரண்டு பின்களும் அந்தத் தாளைப் பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டையின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். பேனா மையால் தேய்மானத்தை மறைத்திருந்தால் அங்கே ஊறித் தெரியும். தபாலில் வாங்கினால் நடுப்பக்கத்தின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: சென்னை உப்புக்காற்றில் இதழ்களை எப்படி வைப்பது?

பதில்: பாலிபுரொப்பிலின் உறை, அமிலமில்லாத அட்டை, நிமிர்த்தி வைக்கும் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். தரையில் வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். ரப்பர் பேண்டும் செல்லோ டேப்பும் பக்கத்திலேயே வரக்கூடாது. அந்துருண்டை வாடை தாளில் ஏறினால் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் இராமபாணப் பூச்சி வந்திருப்பது தெரிந்துவிடும், பின்னில் துரு ஏறியிருந்தாலும் தெரியும்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பெரிய ஹீரோக்களை விட்டுவிட்டு யாரும் கேள்விப்படாத வில்லன்களை நோட்டில் வரைந்துகொண்டே இருக்கிறான். பிறந்த நாளுக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம்? 1,500 ரூபாய்க்குள் வேண்டும்.

பதில்: உங்கள் மகனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது அம்மா. பழைய இதழ் எதுவும் வேண்டாம், தொகுப்பு நூல் போதும். பட்டம் கட்டிப் பறக்கும் கைட் மேன் இன்று பிரபலம். ஆனால் அவரைத் தூக்கிவிட்ட பேட்மேன் கதையில் அவருடைய பிள்ளையைக் கொன்றுவிடுகிறார்கள். இந்த வயதுக்கு அது கனம். 'சுப்பீரியர் ஃபோஸ் ஆஃப் ஸ்பைடர்மேன்' என்று 17 இதழ்கள் வந்த ஒரு தொடர் இருக்கிறது. பூமராங், ஷாக்கர் மாதிரி தோற்றுக்கொண்டே இருக்கும் ஆட்கள்தான் அதில் முழுக்க முழுக்க. அற்புதமானது, ஆனால் இன்னும் மூன்று வருடம் போகட்டும்.

இப்போதைக்கு 'அன்பீட்டபிள் ஸ்குவிரல் கேர்ள்'. ரயன் நார்த் எழுத, எரிக்கா ஹெண்டர்சன் வரைந்தது. அணில்களோடு பேசுகிற ஒரு பெண், வில்லன்களை அடிப்பதைவிடப் பேசித் திருத்தவே பார்க்கிறாள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2015-இல் ஜனவரியில் ஒரு முதல் இதழும் அக்டோபரில் இன்னொரு முதல் இதழும் வந்தன. ஒன்றாம் எண் என்று பார்த்து வாங்கினால் கதையின் நடுவில் போய் விழுவீர்கள். 'ஸ்குவிரல் பவர்' என்று தலைப்புள்ள முதல் தொகுதியைக் கேளுங்கள். அந்தத் தொகுதியின் கடைசியில், 1991 குளிர்காலச் சிறப்பிதழில் வந்த அவளுடைய முதல் கதையும் இருக்கிறது. ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டீவ் டிட்கோ வரைந்தது. தனி இதழாகத் தேடினால் விலை எங்கோ போகும். அந்தக் கதையில் அந்தச் சின்னப் பெண் தன் அணில் படையை வைத்து, மார்வெலின் பெரிய வில்லனான டாக்டர் டூமையே தோற்கடித்துவிடுவாள். மகனோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.